அறுபத்தெட்டாம் பக்கத்து அடிக்கோடு

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தனியாக முனகுகிறது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் சுகம்தானே?

ஒன்றேகால் வருஷமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். போனில் உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் நின்றுவிட்டால் அசிங்கம். வகுப்பில் ஒன்பது பேர். நான்தான் மூத்தவன், எழுபத்து நாலு. டீச்சருக்கு இருபத்து நாலு. "ஐயா, கோட்டுக்கு மேல எழுதுங்க. கோட்டுக்குக் கீழ குடித்தனம் பண்ணாதீங்க" என்று திட்டுகிறாள். இந்தக் கடிதம் இந்த இடத்துக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

உன் பழைய அலமாரியில் ஒரு புத்தகம் கிடைத்தது. படகுக்காரர் மகள் கதை. உனக்குப் பதினைந்து வயதில் நான் கொண்டுவந்து கொடுத்தது. அட்டை கோணலாக ஒட்டிவிட்டது என்று பிரஸ்ஸில் கழித்த பிரதி. கோணலாக ஒட்டியவனும் நான்தான். முப்பத்தைந்து வருஷம் பைண்டிங்கில் இருந்தேன், ஒரு புத்தகம் படித்ததில்லை. பக்க எண் வரிசையாக இருக்கிறதா என்று பார்ப்பேன், தைப்பேன், அடுத்ததை எடுப்பேன். இப்போது படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

நீ அங்கங்கே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். கோடு போட்டதெல்லாம் முக்கியமானது என்று டீச்சர் ஒரு தடவை சொன்னாள். அதனால் முதலில் கோடு போட்ட வரிகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். கதை ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. இப்போது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் பக்கத்தில் உன் முதல் கோடு. "பயம் தண்ணீரில் இல்லை. முதல் படிக்கட்டில் இருக்கிறது." இதை எழுதியவர் என்னைப் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் வகுப்பு வாசலில் அரை மணி நேரம் நின்றேன். யாராவது கேட்டால் பேத்தியை அழைத்துப் போக வந்ததாகச் சொல்ல இருந்தேன்.

நீ வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போனில் கேட்டால் "லீவு இல்லப்பா" என்கிறாய். வேறு காரணம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. போனில் அதைக் கேட்க வாய் வரவில்லை. கை வரும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். ஏன் வருவதில்லை?

போன் பண்ணாதே. எழுது.

அப்பா


ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தைலம் மட்டும் போதாது.

கவரைப் பார்த்ததும் எதிர் வீட்டுக் குழந்தை விளையாட்டாகப் போட்ட கடிதம் என்று நினைத்து மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பிரித்தேன். மன்னிக்கவும். உங்கள் மாப்பிள்ளை நம்பவில்லை. "உங்கப்பா சொல்லச் சொல்ல வேற யாரோ எழுதியிருக்காங்க" என்றார். பேத்திதான், "இல்லப்பா, தாத்தா பேசற மாதிரியே இருக்கு, திட்டு வாங்கினதக்கூட எழுதியிருக்காரு" என்றாள்.

எனக்கு வேலை எப்போதும் போலத்தான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இப்போது ஒரு ஷிப்டு முழுவதும் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. லீவு உண்மையிலேயே கிடைப்பதில்லை.

அந்தக் கோடுகள் அந்த வயதுக் கிறுக்குத்தனம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதையைப் படியுங்கள், நன்றாக இருக்கும்.

அன்புடன்,
மகள்


பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் படித்து முடித்தேன். ஒத்தடம் கொடுக்கிறேன், கால் கொஞ்சம் பேச்சைக் கேட்கிறது. நீங்கள் எல்லாரும் நன்றாக இருப்பது சந்தோஷம்.

கதை இப்போது புரிகிறது. படகுக்காரருக்கு ஒரே மகள். அவளைத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். அவள் அவருக்குத் தெரியாமல் நீச்சல் பழகுகிறாள். இவ்வளவுதான் கதை, ஆனால் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் ஓரத்தைத் தூக்கி மறு பக்கத்தை எட்டிப் பார்க்கிறேன்.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் நீ கோடு போட்டது: "எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். சண்டை போட ஓர் ஆள் கிடைப்பதில்லை." இதை வகுப்பில் எழுந்து நின்று படித்துக் காட்டினேன். என்னோடு படிக்கும் வாட்ச்மேன் ஒருவர், "அந்தப் பொண்ண எங்க வீட்டுக்கு ஒரு நாள் அனுப்பி வைங்க, ஆள் போதாதுன்னு சொல்லவே மாட்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். உன் அம்மாவும் நானும் உன் முன்னால் சண்டை போட்டதே இல்லை. நீயும் எங்களிடம் சண்டை போட்டதில்லை. அதை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இது பெருமையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. லீவு பற்றி எழுதினாய்.

அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்கு மட்டும் சூட்டில் நின்று நின்று கையில் கொப்புளம். ஆறிவிட்டது.

நீங்கள் அந்த வரியை எழுதியதும் எனக்கு இன்னொரு வரி ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக மறக்கவில்லை. "நீச்சல் தெரியாதவர்கள்தான் ஆற்றைப் பற்றி அதிகம் பேசுவார்கள்." எங்கள் மேலாளர் இருக்கிறார், சலவை இயந்திரத்தின் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் வாராவாரம் கூட்டம் போட்டு வழி சொல்வார். அவர் வாயைத் திறந்தாலே இந்த வரி மனதில் ஓடும். ஒரு தடவை அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். "என்ன சிரிப்பு?" என்றார். "ஒண்ணுமில்ல சார், ஆறு" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது எந்தப் பக்கம் என்று நினைவில்லை. கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

மெதுவாகவே படியுங்கள் அப்பா. அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மகள்


மார்ச் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

கொப்புளத்தை எழுதினாய், எந்தக் கை என்று எழுதவில்லை. எழுது. நான் சுகம். உன் ஆற்று வரி ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

நான் அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் தினமும் ஈரத் தலையோடு வீட்டுக்கு வருகிறாள். அப்பா பார்க்கிறார், ஒன்றும் கேட்பதில்லை. மறுநாள் பின்கதவுக்கு வெளியே ஆணியில் ஒரு காய்ந்த துண்டு தொங்குகிறது. அதற்கு மறுநாளும். துண்டை மாட்டியது யார் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை என்று வகுப்பில் சொன்னேன். என்னோடு படிக்கும் சலூன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன பெருந்தன்மை? அவன் கள்ளன்யா. தெரியும்னு சொன்னா ஒரு பதில் சொல்லணும். போன்னு சொல்லணும், இல்ல போகாதேன்னு சொல்லணும். ரெண்டுக்கும் பயந்துக்கிட்டு துண்ட மாட்டிட்டு நழுவுறான்" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். டீச்சர் வந்து விலக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தின் கடைசியில் நீ கோடு போட்ட வரியைப் படித்தேன். "அப்பா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்துகொண்டே கேட்காமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்." முன்பு வரிகளைப் பொறுக்கிப் படித்தபோது இதையும் படித்தேன். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாததால் தாண்டிப் போய்விட்டேன். மற்ற வரிகளுக்கெல்லாம் ஒரு கோடு. இதற்கு இரண்டு. ஓரிடத்தில் பென்சில் தாளைக் கிழித்திருக்கிறது. கோடு மறுபக்கம் வரைக்கும் தடவத் தடவத் தெரிகிறது.

இது கிறுக்குத்தனம் இல்லை, பாப்பா. தாளைப் பற்றி எனக்குத் தெரியும். இவ்வளவு அழுத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கும். எதை நினைத்துப் போட்டாய்? நான் எதைக் கேட்காமல் விட்டேன்?

அப்பா


மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுகிறார், நான் படி இறங்கி வர வேண்டாம் என்று. போனில் பேசியபோது "எழுதறேன்பா" என்றாய், வைத்துவிட்டாய். நீ நலமா? நலம் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

வகுப்பில் பரீட்சை வைத்தார்கள். எழுபத்தொன்று வாங்கினேன். சலூன்காரருக்கு எண்பது. அவருக்கு நாக்கு மட்டும் இல்லை, மூளையும் கூர்மை. மார்க் போட்ட தாளைக் கையில் கொடுத்தபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைக் கண்டுகொள்ளாதே.

புத்தகத்தை அறுபத்தெட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அப்பா


மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கொப்புளம் வந்தது வலது கையில்.

அடித்த மூன்று வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அந்த மார்க்" என்ற இரண்டு சொல் மட்டும் தெரிந்தது. மீதியை அடிக்காமல் எழுதுங்கள்.

மகள்


ஜூன் 23

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். எழுத ஒரு மாதம் ஆயிற்று. எழுத்து வராததால் இல்லை.

உன் பள்ளிக்கூட ரிசல்ட் வந்த நாள். உனக்குப் பதினாறு. உன் அம்மா முதுகு ஒடிந்து படுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, அடுத்த மாதம் முதல் வேலைக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். நான் பிரஸ்ஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ வந்து, "நான் ஃபெயில்பா. இனிமே வீட்ல இருந்து அம்மாவப் பாத்துக்கறேன்" என்றாய். தாளை என் கையில் கொடுத்தாய்.

எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். எண் தெரியாதவன் பைண்டிங்கில் ஒரு நாள் தாங்க மாட்டான். அந்தத் தாளில் ஐந்து எண் இருந்தது. பாஸுக்கு முப்பத்தைந்து என்பது பிரஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும், யார் வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதினாலும் அதே பேச்சுத்தான். உன் எண் ஒன்றுகூட அதன் பக்கத்தில் இல்லை. எல்லாம் எங்கேயோ மேலே இருந்தது.

நான் தாளை மடித்து உன்னிடமே கொடுத்தேன். "பரவால்ல பாப்பா" என்றேன்.

எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதிப் பார்த்தேன். அது பொய் என்பதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எனக்கு லேசாக இருந்தது. அம்மாவை யார் பார்ப்பது என்று ஐந்து மாதமாக மண்டையைக் குடைந்த கேள்விக்கு நீயே பதில் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாய். வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

எழுத்துத் தெரியாத அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று நீ இதுவரை நினைத்திருந்தால், அந்த பாரம் உனக்கு வேண்டாம். நான் ஏமாறவில்லை.

சலூன்காரர் சொன்னது சரி.

அப்பா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்களை ஏமாற்றியதாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உங்களுக்கு எண் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? எனக்கு எண் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான், பக்கங்களைப் புரட்டிப் புரட்டி.

வாயால் ஃபெயில் என்று சொன்னேன், கையில் தாளைக் கொடுத்தேன். உங்கள் விரல் மேலிருந்து ஒவ்வொரு எண்ணிலும் நின்று நின்று இறங்கியது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னடி இது, பாஸ்தானே?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால், "ஆமாம்பா, ஆனா அம்மாவ யாரு பாத்துக்கறது?" என்று சொல்லியிருப்பேன். இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போம். முடிவு இதேதான் வந்திருக்கும், எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொண்ட நான்கு வருஷத்துக்கு எனக்கு வருத்தமே இல்லை. அம்மாவும் நானும் அந்த அறையில் சிரித்த சிரிப்பு உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் விரல் கடைசி எண்ணில் நின்றது, நீங்கள் தாளை மடித்துவிட்டீர்கள். அந்தக் கோடு அன்று சாயங்காலம் போட்டது.

ஏன் வருவதில்லை என்று கேட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பேத்தி பாஸ் பண்ணிய சமயத்தில் அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நீங்கள் அவள் தலையில் கை வைத்து, "அம்மாவுக்கு ஏறாத படிப்பு பொண்ணுக்கு ஏறிடுச்சு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், அவருக்கும் நான் ஃபெயில் என்றுதானே தெரியும். மற்றவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் சொல்லலாமா?

லீவு இருந்தது அப்பா. வரப் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நேற்றுச் சாப்பிடும்போது இவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம், "நான் ரெண்டு பாடத்துல போனவன். இருபத்தஞ்சு வருஷமா எனக்குச் சமமா ஃபெயில்னு சொல்லிக் குடும்பம் நடத்தியிருக்க" என்றார். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ மார்க்கும்மா?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

இப்போதாவது கேளுங்கள்.

மகள்


ஆகஸ்ட் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாடி வீட்டுக்காரர்கள் முன்னால் நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அது இன்னும் மோசம் என்று தெரிகிறது. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் மகள் பாஸ் பண்ணியவள், அன்று நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள், "எந்தப் பரீட்சைங்க?" என்றாள்.

ரிசல்ட் வந்துவிட்டதா? மார்க் எவ்வளவு?

அப்பா


செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

ரிசல்ட் வந்துவிட்டது. மொழி 78. கணக்கு 94. அறிவியல் 83. வரலாறு 66. புவியியல் 81. மொத்தம் ஐந்நூற்றுக்கு நானூற்று இரண்டு.

நான் பாஸ் அப்பா. மேலே படிக்கணும் போல இருக்கு.

பாப்பா


செப்டம்பர் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வகுப்பில் எழுந்து நின்று ஐந்து பாடத்தையும் வரிசையாகப் படித்தேன். டீச்சர், "இது எந்த வருஷத்து ரிசல்ட் ஐயா?" என்றாள். "போன வாரம்தாம்மா வந்துச்சு" என்றேன். சலூன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வகுப்பு விட்டதும் என் கூடவே நடந்து வந்து, கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ படிக்க வேண்டும் என்றால் படி. உன் வயதில் யாராவது படிப்பார்களா என்று எவனாவது கேட்டால் என்னிடம் அனுப்பு. மாப்பிள்ளை அந்த இரண்டு பாடத்தை மறுபடி எழுதுவதாக இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்.

புத்தகத்தில் அறுபத்தொன்பதாம் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கணக்கில் தொண்ணூற்று நாலுதானா? மீதி ஆறு எங்கே போயிற்று? இதைக் கடிதத்தில் எழுதாதே. நேரில் வந்து, என் முன்னால் நின்று பதில் சொல்.

அப்பா